சக்கரம் நின்றால் ஆற்றைப் பாருங்கள்: டிம்பர்பார்ன் தண்ணீர்க் கோளாறுகள்

மலேசியாவின் தெலுக் இந்தானில் சனிக்கிழமை மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டால் திடலில் பந்து கிடையாது. அக்காள் மகன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்: "மாமா, சக்கரம் சுத்தல. என்னன்னு பாருங்க." டிம்பர்பார்ன் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் அவன் ஆற்றில் நட்டு வைத்திருக்கும் தண்ணீர்ச் சக்கரத்தைத்தான் சொல்கிறான். அவன் நகரம் இதுவரை ஐந்தாறு முறை அழிந்திருக்கிறது. என்னுடையது அதைவிடக் கூட. அழிந்தபோதெல்லாம் காரணத்தைக் குறித்து வைத்தேன். அதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மனிதர்கள் இல்லாமல் போன உலகத்தில் பீவர்கள் (ஆற்றில் அணை கட்டும் விலங்குகள்) நகரம் கட்டுகின்றன. போலந்து நாட்டின் மெக்கானிஸ்ட்ரி நிறுவனம் செய்தது. 2021 செப்டம்பரில், முழுதாக முடியும் முன்பே, விற்பனைக்கு வந்தது. குடிக்க, பயிருக்கு, மில் ஓட்ட என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆறுதான். அந்த ஆறு சில நாள் நன்றாக ஓடும். அப்புறம் வறட்சி வந்து ஊற்று அடைத்துக்கொள்ளும், அல்லது பேட்டைடு வந்து அதே ஊற்றிலிருந்து சிவப்பாக விஷத்தண்ணீர் கொட்டும். இந்தச் சிவப்புத் தண்ணீரான பேட்வாட்டர் 2024-இல் வந்த ஐந்தாம் புதுப்பிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் வறட்சியைச் சமாளித்தால் போதும். இப்போது தண்ணீர் வருவதற்கும் பயப்பட வேண்டும்.

எதையும் தொடும் முன்

முதலில் விளையாட்டை நிறுத்தி வையுங்கள். ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போது யோசித்தால் அவசரத்தில் தப்பான கதவைத் திறப்போம். நிறுத்திய பின் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஆறு போகும் பக்கம் சக்கரத்துக்குக் கீழே, சக்கரத்தடியில், ஆறு வரும் பக்கம் சக்கரத்துக்கு மேலே. இந்த வரிசையிலேயே பாருங்கள். எல்லாரும் மேலேயிருந்து தொடங்குவார்கள், ஊற்று ஓடுகிறதா என்று. என் அனுபவத்தில் பாதிக் கோளாறு கீழேதான் இருக்கும்.

இதை நான் விளையாட்டில் கற்கவில்லை. அப்பா பாகான் டத்தோ பக்கம் கரையோரச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் தண்ணிக் கதவு பார்த்தவர். அந்தப் பக்கத் தோட்டமெல்லாம் கடல் மட்டத்தை ஒட்டிய களிமண் நிலம். சுற்றிலும் பண்டு என்ற மண்கரை போட்டு, உள்ளே பாரிட் என்ற வடிகால் வெட்டி, பண்டுக்கு அடியில் குழாய் விட்டு, கடல் பக்க வாயில் ஒரு கதவைத் தொங்கவிட்டிருப்பார்கள். அலை ஏறும்போது கடல் தண்ணீர் கதவை அழுத்தி மூடும். இறங்கும்போது உள்ளே இருக்கும் மழைத் தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். தோட்டத்துத் தண்ணீர் வெளியே போக அந்த இரண்டு இறக்கம்தான் உண்டு. மரத்தடியில் தண்ணீர் நிற்கிறது என்று கிராணி (தோட்ட எழுத்தர்) கூப்பிட்டால், அப்பா மரத்தடிக்குப் போகமாட்டார். மோட்டார் சைக்கிளை நேராகக் கதவுக்கு விடுவார்.

அப்பா அங்கே ஒரு மரக்கம்பத்தில் வெள்ளைப் பெயிண்டில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தால் போதும், மற்றதை அவரே சொல்லிவிடுவார். விளையாட்டில் அந்தக் கம்பத்தின் பெயர் ஸ்ட்ரீம் கேஜ். நீர்மட்டம், நீரோட்ட வேகம், எத்தனை விழுக்காடு கெட்டிருக்கிறது என்பதை எல்லாம் காட்டும். சக்கரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு நட்டுவிடுங்கள். இனி சொல்வதெல்லாம் அந்த இரண்டு கம்பத்தையும் நம்பித்தான்.

"சக்கரம் சுத்தவே இல்லை"

வறட்சி என்றால் காரணம் கண்ணுக்கே தெரியும். வறட்சி இல்லை, ஆறு நிறையத் தண்ணீர், சக்கரமும் பாதி நனைந்து நிற்கிறது, ஆனால் அசையவில்லை என்றால் கீழ்க் கம்பத்தைப் பாருங்கள். இரண்டு கம்பத்திலும் மட்டம் ஒன்றாக இருந்து, வேகம் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் உங்கள் சக்கரம் குளத்தில் நிற்கிறது. சக்கரத்தைச் சுற்றுவது தண்ணீரின் ஆழம் அல்ல, ஓட்டம்.

மருமகன் செய்தது இதுதான். கேரட் வயலுக்குத் தண்ணீர் நிற்கட்டும் என்று சக்கரத்துக்கு நாலு கட்டம் கீழே குறுக்கே லெவி வைத்துவிட்டான். லெவி என்றால் முழுச் சுவர், சொட்டுத் தண்ணீர் போகாது. தண்ணீர் தேங்கிச் சக்கரத்தின் இடுப்பு வரை ஏறி அப்படியே நின்றுவிட்டது. அவன் சக்கரத்தை இடித்து வேறு இடத்தில் கட்டினான். அங்கேயும் சுற்றவில்லை. மறுபடி இடித்தான். மூன்றாவது முறை என்னைக் கூப்பிட்டான்.

தீர்வு எளிது. தேக்கத்தைச் சக்கரத்துக்கு மேலே கொண்டு போங்கள். இடம் இல்லாமல் கீழேதான் தேக்க வேண்டும் என்றால் லெவிக்குப் பதிலாக டேம் வையுங்கள். டேம் ஒரு கட்ட உயரத்தில் 0.65 அளவு வரைதான் தண்ணீரைப் பிடிக்கும், மிச்சம் மேலே வழிந்து ஓடிவிடும். வழிகிற வரையில் சக்கரத்துக்கும் ஓட்டம் உண்டு, வயலுக்கும் ஈரம் உண்டு.

"சுத்துது, ஆனா மில் ஆமை மாதிரி ஓடுது"

இதில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சக்கரத்தின் விசையைக் கடத்தும் தண்டுகளால் இணைந்த கட்டடங்கள் எல்லாம் ஒரே குடும்பம். மொத்த வரவும் மொத்தச் செலவும் ஒன்றாகக் கணக்காகும். வரவு குறைந்தால் ஒரு மில் மட்டும் நிற்காது, எல்லாமே ஒரே விகிதத்தில் மெதுவாகும். என் விளையாட்டில் லம்பர் மில் ஒன்று 50 எச்பி (குதிரைத்திறன்) கேட்கிறது, கியர் வொர்க்‌ஷாப் 120 கேட்கிறது. மூன்று லம்பர் மில்லும் ஒரு கியர் வொர்க்‌ஷாப்பும் இருந்தால் 270. சக்கரம் கொடுப்பது 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் ஓடுவார்கள். பலகை வரவில்லையே என்று நான்காவது மில்லைக் கட்டினால் இன்னும் மெதுவாகும். பலகை கொஞ்சம்தான் கூடும், அதுவும் கியர் வொர்க்‌ஷாப்பிடமிருந்து பிடுங்கியது, ஒரு பீவர் கூடுதலாக வேலையில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். இதை நான் செய்து பார்த்தவன். (எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம், உங்கள் திரையில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.)

இந்த நேரத்து உடனடி வைத்தியம்: இப்போது தேவையில்லாத மில்லை நிறுத்தி வையுங்கள். கட்டடத்தைச் சொடுக்கினால் நிறுத்தும் பொத்தான் இருக்கும். கியர் கிடங்கு நிறைந்திருக்கும்போது கியர் வொர்க்‌ஷாப் ஓட வேண்டியதில்லை.

நிரந்தர வைத்தியம் ஆற்றை ஒடுக்குவது. ஆறு கட்டம் அகலத்தில் சோம்பலாகப் போகிற தண்ணீரை இரண்டு கட்டம் அகலத்துக்குள் தள்ளினால் வேகம் ஏறும், சக்கரத்தின் எச்பியும் ஏறும். தோட்டக் குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்துகிற அதே வித்தைதான். இரண்டு கரையிலிருந்தும் லெவி வைத்து நடுவில் வாய்க்கால் மாதிரி விடுங்கள். அந்த வாய்க்காலில் சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கலாம். முதல் சக்கரம் ஓட்டத்தை எல்லாம் தின்றுவிடும், அடுத்ததுக்கு மிச்சம் இருக்காது என்று நினைக்க வேண்டாம். வரிசையில் வைத்த சக்கரமெல்லாம் சுற்றும்.

இன்னொரு தப்பு நினைப்பு: அருவிக்கு அடியில் வைத்தால் சக்கரம் பேயாய்ச் சுற்றும் என்பது. நிஜத்தில் அது சரி. நம் பேராக் ஆற்றில் மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று நான்கு அணை இருக்கிறது. செண்டரோ 1930-லிருந்து நிற்கிறது. அங்கெல்லாம் தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பது முக்கியம். விளையாட்டில் சக்கரம் பார்ப்பது தன் காலடியில் ஓடும் நீரோட்டத்தை மட்டும். அருவிக்கு உழைப்பைச் செலவழிக்காதீர்கள், வாய்க்காலுக்குச் செலவழியுங்கள்.

ஆற்றை ஒடுக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. வாய் சிறுத்தால் மேலே மட்டம் ஏறும். அப்படி ஏறிய தண்ணீர் கரை தாண்டிப் பீவர் வீடுகளுக்குள் போய்விட்டால், மில் ஓட்டப் போய் ஊரை மூழ்கடித்த கதையாகும். அதனால் வேலை வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் மேல் பக்கக் கரைகளை லெவியால் ஒரு கட்டம் உயர்த்துங்கள். அப்புறம் பக்கத்தில் ஒரு வழிந்தோடும் வாய் வெட்டி, அதில் டேம் வையுங்கள், மட்டம் அளவு மீறினால் அந்த வழியாகப் போகட்டும். கடைசியில்தான் ஆற்றை ஒடுக்க வேண்டும். மருமகன் கடைசி வேலையை முதலில் செய்வான். அவனுக்குப் பதினான்கு வயது, செய்யட்டும். நீங்கள் செய்யாதீர்கள்.

"சக்கரம் நல்லா சுத்துது, மில்லுக்கு ஒண்ணும் வரல"

தண்டு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சக்கரத்தைச் சொடுக்கி வரவு, செலவைப் பாருங்கள், அப்புறம் மில்லைச் சொடுக்கிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே எண் வரவில்லை என்றால் இரண்டு தனிக் குடும்பமாக நிற்கின்றன. பெரும்பாலும் ஒரு மூலையில் திரும்பும் தண்டுக்குப் பதில் நேர்த்தண்டு இருக்கும், அல்லது ஏறி இறங்கும் இடத்தில் செங்குத்துத் தண்டு விட்டுப்போயிருக்கும். இரண்டு நிமிட வேலை.

"வறட்சி வந்ததும் எல்லாம் படுத்துவிட்டது"

வறட்சியில் ஊற்று அடைத்துக்கொள்ளும். தேக்கி வைத்தது மட்டும்தான் சொத்து. அந்தச் சொத்து இரண்டு வழியில் கரையும்: பீவர் குடிக்கும், வெயில் உறிஞ்சும். வெயில் கணக்கைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். பரந்து, முழங்கால் ஆழத்தில் நிற்கிற ஏரி சீக்கிரம் வற்றும். அதே தண்ணீரை ஒடுக்கமான, ஆழமான குழியில் வைத்தால் நாள் கூடத் தாங்கும். ஆகவே அகலமாகத் தேக்காதீர்கள், உயரமாகத் தேக்குங்கள். லெவியை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். நம் ஊர்ச் சாயும் கோபுரமும் 1885-இல் கட்டியபோது உள்ளே தண்ணீர்த் தொட்டிதான் வைத்திருந்தார்கள். அதன் அடியில் மண் மெது, மேலே சுமை, சாய்ந்தது. விளையாட்டில் அந்தக் கவலை இல்லை, லெவி பத்து அடுக்கு ஏற்றினாலும் நிமிர்ந்தே நிற்கும்.

இங்கே டேம் வைத்துத் தேக்கினால் நஷ்டம். மேலே சொன்ன 0.65 கணக்குப்படி மேல் அடுக்குத் தண்ணீர் வழிந்து போய்விடும். தேக்கத்தின் வாயில் ஃப்ளட்கேட் வையுங்கள். ஒற்றை, இரட்டை, மூன்று அடுக்கு என்று மூன்று உயரத்தில் கிடைக்கும், எவ்வளவு திறக்க வேண்டும் என்று நீங்களே வைக்கலாம். கதவை ஏற்றினால் மூடும், இறக்கினால் திறக்கும். வறட்சி முழுக்கச் சக்கரம் ஓட வேண்டும் என்று அதைத் திறந்துவிடாதீர்கள். சக்கரத்தில் சுற்றிப் போன தண்ணீர் பீவர் வாய்க்குத் திரும்பாது. என் மூன்றாவது நகரம் அப்படித்தான் போனது. பலகை குவிந்து கிடந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை.

வறட்சியில் விசைக்கு வேறு வழி பாருங்கள். விளையாட்டில் பீவர்களில் இரண்டு கூட்டம் உண்டு. ஃபோக்டெய்ல்ஸ் என்ற கூட்டத்தை எடுத்து ஆடினால் காற்றாலை உண்டு. அயர்ன் டீத் என்ற கூட்டத்தை எடுத்து ஆடினால் மரக்கட்டை எரிக்கும் எஞ்சின் உண்டு. ஒன்றும் இல்லை என்றால் பீவரே உள்ளே ஓடிச் சுற்றும் பவர் வீல், ஒன்றுக்கு 50 எச்பி, பரிதாபம்தான், ஆனால் வறட்சிக்குப் பயப்படாது. நல்ல நாளில் மிஞ்சும் விசையைக் கிராவிட்டி பேட்டரியில் சேர்த்து வையுங்கள். பெரிய எடையைத் தூக்கி மேலே நிறுத்தி, வேண்டும்போது இறக்கி விசை எடுக்கும். எடை இறங்கும் பள்ளம் ஆழமாக இருந்தால் கூட நேரம் தாங்கும், எனவே மலை ஓரத்தில் கட்டுங்கள்.

"மாமா, தண்ணி சிவப்பா வருது!"

அக்காள் மகன் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறிவிடும். மாறத்தான் வேண்டும்.

பேட்டைடு வருவதைச் சில நாள் முன்பே விளையாட்டு எச்சரிக்கும். எச்சரிக்கை வந்த பிறகு கட்டத் தொடங்கினால் முடியாது. ஊற்றுக்கும் ஊருக்கும் நடுவில், ஊருக்கு நல்ல தூரத்தில், ஆறு இரண்டாகப் பிரிய வேண்டும்: ஒரு கை ஊருக்கு, மற்றக் கை ஊரைச் சுற்றி வரைபடத்தின் விளிம்புக்கு. விளிம்பில் விழுந்த தண்ணீர் போய்விட்டது, திரும்பாது. இரண்டு கையிலும் ஃப்ளட்கேட்.

இப்போது வரிசை. சுற்றுப்பாதையை முதலில் திறக்க வேண்டும். ஊர்க் கதவை அப்புறம்தான் மூட வேண்டும். மாற்றிச் செய்தால் நடுவில் போக இடமில்லாத தண்ணீர் ஏறும். கதவின் தலைக்கு மேலே ஏறி ஊருக்குள்ளேயே விழும், அப்போது அதில் பாதி சிவப்பாக இருக்கும்.

அப்பா இதை ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் ஊர்க் கதவை மூடினான், சுற்றுப்பாதையை மறந்துவிட்டான். சிவப்புத் தண்ணீர் கதவில் முட்டி, கோடு கோடாக ஏறிக்கொண்டே வந்தது. "போற வழியத் தெறந்தியா ஐயா?" என்று கேட்டார் அப்பா. அதற்கு மேல் பேசவில்லை. மருமகனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அவர் கதவில் ஒரு தடவை நிப்பாப் பனை மட்டை ஒன்று சிக்கி, கதவு நாலு விரல் திறந்தே நின்றுவிட்டது. வெளியில் பார்த்தால் மூடியிருப்பது போலவே இருக்கும். இரண்டு ஏற்றத்துக்குக் கடல் தண்ணீர் அந்த நாலு விரல் வழியாகப் பாரிட் முழுக்க ஏறிவிட்டது. தோட்டத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் மட்டும் அப்புறம் ஒவ்வொரு ஏற்றத்துக்கும், ராத்திரியானாலும், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அதே நாலு விரலை விளையாட்டிலும் தேடுங்கள். கதவை மூடிய பின்னும் ஊருக்குள் சிவப்பு கசிந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, பக்கத்துப் பக்கத்து ஃப்ளட்கேட்டுகள் ஒன்றாக அசையும்படி இணைக்கப்படவில்லை, நாலில் ஒன்று கீழேயே நிற்கிறது. இரண்டு, கதவின் உயரம் போதவில்லை, சிவப்பு மேலே வழிகிறது. கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள், மேலேயிருந்து தெரியாது.

பிந்திய பதிப்புகளில் ஸ்லூஸ் என்ற கதவு இருக்கிறது. தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் போகும், கெட்ட தண்ணீர் வந்தால் தானே மூடும்படி வைக்கலாம். சுத்தத் தண்ணீருக்கு ஒன்று, கெட்டதற்கு ஒன்று என்று இரண்டு ஸ்லூஸ் எதிரெதிராக வைத்தால் நீங்கள் தூங்கினாலும் அது பிரித்துவிடும். வசதிதான். ஆனால் முதல் இரண்டு பேட்டைடையும் கையால் சமாளித்துப் பாருங்கள் என்பேன். எந்தக் கதவு எதற்கு என்று தெரியாமல் தானியங்கியை வைத்தால், அது தவறும் நாளில் எங்கே கை வைப்பது என்று தெரியாது.

பேட்டைடு முடிந்ததும் உடனே ஊர்க் கதவைத் திறக்காதீர்கள். ஊற்று தெளிந்திருக்கும், நடுவில் தேங்கிய தண்ணீர் தெளிந்திருக்காது. மேல்க் கம்பம் கெட்ட அளவு பூஜ்யம் என்று காட்டும் வரை சுற்றுப்பாதையிலேயே விடுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். ஊரில் குடிதண்ணீர் கிடங்கு காலியாக இருந்தால் பொறுமை இருக்காது. கெட்ட தண்ணீரில் பம்ப் இறைக்காது. பேட்டைடு எத்தனை நாள் நீளுமோ அத்தனை நாளுக்குக் குடிதண்ணீர் முன்பே தொட்டியில் இருக்க வேண்டும்.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். சக்கரத்துக்கு நிறம் தெரியாது. சிவப்புத் தண்ணீரும் அதே மாதிரிதான் சுற்றும். அதனால் சக்கரங்களில் பாதியைச் சுற்றுப்பாதையில் வைத்தால் பேட்டைடு காலத்தில் மில் நிற்காது. இன்னும் துணிச்சல்காரர்கள் நிரந்தரப் பேட்வாட்டர் ஊற்றில் சக்கரம் வைப்பார்கள். நான் ஆடிய வரைபடங்களில் அந்த ஊற்று வறட்சியிலும் அடைபடவில்லை, நாள் முழுக்க, பருவம் முழுக்க ஓடியது. ஓயாத விசை. அதே ஊற்றிலிருந்து பேட்வாட்டரை இறைத்து வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் அனுப்பலாம், மலையைத் தகர்க்க அது வேண்டும். நான் இதைச் செய்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையுடன்: அந்த ஊற்றுக்குத் தனி வாய்க்கால், தனிக் கரை, விளிம்பு வரை தனிப் பாதை. நல்ல ஆற்றோடு எந்த இடத்திலும் அது சேரக்கூடாது, "இந்த ஒரு இடத்தில் மட்டும்" என்று கூட.

"பீவர் வேலைக்கு வரமாட்டேங்குது"

பீவர் சிவப்புத் தண்ணீரில் நீந்தினால் நோய் பிடிக்கும். நோய் பிடித்தது வேலை செய்யாது. ஃபோக்டெய்ல்ஸ் மூலிகைக்காரர் மாற்றுமருந்து செய்வார், அயர்ன் டீத்தில் சுத்தம் செய்யும் அறை ஒன்று உண்டு. முதலில் கேட்க வேண்டியது ஏன் நீந்தியது என்பதுதான். எந்தப் பாதை தண்ணீருக்குள் இறங்குகிறது என்று தேடுங்கள். சுற்றுப்பாதைக்கு அந்தப் பக்கம் யாரோ மரம் வெட்டக் குறியிட்டிருப்பார்கள். பாலம் போடுங்கள், அல்லது அந்தப் பக்கம் வேலையே வைக்காதீர்கள். பிற்காலத்தில் பாட்டுகள் கிடைத்ததும் (ரோபோ பீவரைச் சொல்கிறேன், பாடும் பாட்டை அல்ல) அந்த வேலைகளை அவற்றிடம் விடலாம், அவற்றுக்கு இந்த நோய் இல்லை.

"வயல் தண்ணீரிலிருந்து தள்ளித்தான் இருக்கு, இருந்தும் காயுது"

கெட்ட தண்ணீர் மண் வழியாகவும் பரவும். வாய்க்காலைத் தொடாத வயலும் சில கட்டம் தள்ளிச் சாகும். சுற்றுப்பாதைக்கும் வயலுக்கும் நடுவில் கன்டாமினேஷன் பேரியர் வரிசையாக வையுங்கள், இடைவெளி விடாமல். இடமிருந்தால் வயலைத் தள்ளிப் போடுவதே நல்லது.

"நல்ல தண்ணீர் திரும்ப வந்த அன்றைக்குத்தான் வெள்ளம்"

வறட்சி முடிந்து ஊற்று திறந்ததும் ஊர் நனைந்தால், வறட்சியில் தண்ணீரைப் பிடிக்க ஏற்றிய கதவு இன்னும் ஏறியே நிற்கிறது என்று அர்த்தம். நனைந்த மில் வேலை செய்யாது. பதறிக் கட்டடத்தை இடிக்க வேண்டாம். கீழ்க்கோடியில் இருக்கும் கதவிலிருந்து தொடங்கி மேலே வந்தபடி ஒவ்வொன்றாக இறக்குங்கள். மேலேயிருந்து தொடங்கினால் எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் மூடிய கீழ்க் கதவில் வந்து முட்டும்.

"கம்ப்யூட்டரே சூடாகி நின்று போகுது"

ஒவ்வொரு கட்டத்துத் தண்ணீரையும் விளையாட்டு கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். பழைய மடிக்கணினியில், பெரிய வரைபடத்தில், பீவர் நூறு தாண்டியதும் விசிறி கத்தத் தொடங்கும். சிறிய வரைபடம் எடுங்கள், நிழலைக் குறையுங்கள், வேகத்தை முதல் நிலையிலேயே வையுங்கள். இடியும் மழையுமாக இருக்கும் சாயங்காலத்தில் கரண்ட் போகும், சேமித்துவிட்டு ஆடுங்கள்.

போன சனிக்கிழமை மருமகன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தான். எச்சரிக்கை வந்ததும் சுற்றுப்பாதையைத் திறந்தான், அப்புறம் ஊர்க் கதவை மூடினான், கேமராவை இறக்கி நாலு கதவையும் பக்கவாட்டில் பார்த்தான். சிவப்புத் தண்ணீர் ஊரைச் சுற்றிக்கொண்டு, வழியில் இரண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, வரைபட விளிம்பில் போய் விழுந்தது. கோப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரையில் அந்த விளிம்பைக் காட்டிக் கேட்டார்.

"அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல தாத்தா. மேப்பு அதோட முடிஞ்சிருச்சு."

"நல்லா கேட்டுப் பாத்தியா?" என்றார் அப்பா.